பஞ்சு புகுந்த சர்வர்: மூன்று சனிக்கிழமை இரவு வேலை

ஆடி பிறந்து மூன்றாம் நாள், காலை பத்தரை மணி இருக்கும். அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, ஒரு பில்லு போட்டு சேவ் குடுத்தா டீ குடிச்சுட்டு வந்தரலாமாட்ட இருக்குதுங்க, சித்த என்னன்னு பாருங்க." அரை மணி நேரத்தில் கட்டிங் செக்ஷனிலிருந்தும் அதே புகார். நெட்வொர்க்காகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்து, ஸ்விட்ச், கேபிள் என்று பார்த்து ஒரு நாளை வீணாக்கினேன். கோளாறு சர்வருக்குள்ளேயே இருந்தது, அதுவும் ஒன்றல்ல. அடுத்த மூன்று சனிக்கிழமை இரவுகளும் அந்தப் பெட்டியோடுதான் கழிந்தன. என்ன செய்தேன், எதை வாங்கினேன், எதை வாங்காமல் விட்டேன் என்று எழுதி வைக்கிறேன். ஒற்றை சர்வரை நம்பி ஓடும் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உதவும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கோளாறு இடத்திலிருந்து வந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கீழே நிட்டிங் மெஷின்கள், மேலே கட்டிங், தையல், அதற்குப் பின்னால் ஆபீஸ். ஆபீஸ் மூலையில் பிளைவுட் தடுப்பு வைத்த சின்ன அறை, அதில் ஒன்றரை டன் ஏசி, ஒரு ரேக். ரேக்கில் 2யு உயரமுள்ள, இரண்டு பிராசஸர் போட்ட சர்வர் ஒன்று. ஜியான் இ5-2640 வி4 இரண்டு, ஒவ்வொன்றிலும் 10 கோர். 16 ஜிபி ரேம் எட்டு. 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, எது ஒன்று செத்தாலும் தரவு போகாதபடி எழுதும் முறை). நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ரீஃபர்பிஷ்டாக வாங்கியது. கணக்கு, ஆர்டர், ஸ்டாக், வருகைப் பதிவு, வாரச் சம்பளம் எல்லாமே இதன் தலையில்தான். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் எல்லோர் கைக்கும் போய்ச் சேரும் வரை இதை அணைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் எல்லா வேலையும் சனி இரவு ஒன்பது மணிக்கு மேல்.

முதலில் சர்வரை அணைக்காமல் பார்க்க முடிந்ததைப் பார்த்தேன். பிராசஸர் சும்மா இருக்கிறது, ரேம் பாதிக்கு மேல் காலி, டிஸ்க்கில் மட்டும் வரிசை கட்டி நிற்கிறது. படிப்பது வேகமாக இருக்கிறது, எழுதுவது மட்டும்தான் நகரவில்லை. இந்த அறிகுறியைப் பார்த்ததும், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பார்க்கத் தோன்றியிருக்க வேண்டும், எனக்கு ஒரு நாள் கழித்துத்தான் தோன்றியது. கார்டின் நிர்வாக மென்பொருளைத் திறந்தால் சிவப்பில் எழுதியிருக்கிறது: பேட்டரி செயலிழந்தது, எழுதும் முறை ரைட் பேக்கிலிருந்து ரைட் த்ரூவுக்கு மாற்றப்பட்டது.

ரெய்டு கார்டில் தனியாகக் கொஞ்சம் கேச் மெமரி உண்டு. ரைட் பேக் முறையில் தரவு அந்தக் கேச்சுக்கு வந்த உடனேயே "எழுதியாயிற்று" என்று கார்டு பதில் சொல்லிவிடும், டிஸ்க்குக்கு அப்புறம் நிதானமாக எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் கேச்சில் இருப்பதைக் காப்பாற்றத்தான் பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால் கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்குப் போய்விடும், அதாவது டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் பதில் வரும். அது சரியான நடத்தைதான். ஆனால் ரெய்டு 5ல் அதற்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால் தெரியும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க் ஒன்றால் வினாடிக்குச் சுமார் 75 முதல் 80 தனித்தனி வேலைகளைத்தான் செய்ய முடியும், நான்கும் சேர்ந்தால் 300 சொச்சம். ரெய்டு 5ல் சின்னதாக ஒன்றை மாற்றி எழுத நான்கு வேலை: பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பாரிட்டியைப் (ஒரு டிஸ்க் போனால் தரவைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவல்) படிக்க வேண்டும், புதுத் தரவை எழுத வேண்டும், புதுப் பாரிட்டியை எழுத வேண்டும். 300ஐ நான்கால் வகுத்தால் வினாடிக்கு 75 எழுத்து. 35 பேர் ஒரே நேரத்தில் பில், ஸ்டாக் என்று அடித்துக்கொண்டிருக்கும்போது 75 எந்த மூலைக்கு?

பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்கை வலுக்கட்டாயமாக வைத்துக்கொள்ள அந்த மென்பொருளில் ஒரு தேர்வு இருக்கிறது. யுபிஎஸ் இருக்கிறதே, போட்டுவிடு என்றுதான் இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். நான் போடவில்லை. யுபிஎஸ் காப்பாற்றுவது கரண்ட் போவதிலிருந்து மட்டும்தான். மதர்போர்டு உறைந்து நின்றாலோ, பவர் சப்ளை உள்ளேயே புகைந்தாலோ யுபிஎஸ்ஸால் என்ன செய்ய முடியும்? கேச்சில் நிற்கும் எழுத்துகள் போனால் போனதுதான், அதுவும் டேட்டாபேஸின் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி போகும், எங்கே விழுந்தது என்றே தெரியாது. நான்கு நாள் மெதுவாக ஓடட்டும் என்று அக்காவிடம் சொல்லி, பேட்டரிக்கு அலைந்தேன்.

கோவையில் ஒரு கடையில் "நல்ல பேட்டரி சார், வேலை செய்யற சர்வர்ல இருந்து கழட்டினது" என்று ஒன்றைக் காட்டினார்கள். லித்தியம் பேட்டரியை யூஸ்டாக வாங்குவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரித்த நாளிலிருந்தே அதற்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். புதியது என்று சொல்லி விற்றாலும் உறையில் அச்சான தேதியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், மூன்று வருடம் அலமாரியில் இருந்ததும் பழையதுதான். கடைசியில் தேதி பார்த்து ஒன்று வாங்கினேன், அதை மாட்டும்போதே உறையின் மேல் மார்க்கரில் அன்றைய தேதியையும் எழுதிவிட்டேன். கழற்றிய பழைய பேட்டரி லேசாக உப்பியிருந்தது. அதை அழுத்தாமல், குத்தாமல், தனி டப்பாவில் போட்டு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன். புதிதாக ரெய்டு கார்டு வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: லித்தியம் பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெப்பாசிட்டரும் ஃபிளாஷும் சேர்ந்து வரும் வகை இருக்கிறது, அதையே வாங்குங்கள். கரண்ட் போனதும் கெப்பாசிட்டரில் இருக்கும் சக்தியை வைத்துக் கேச்சை ஃபிளாஷில் எழுதிவிட்டு அது அணைந்துவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரிக்கு அலைய வேண்டியதில்லை.

முதல் சனி இரவு மூடியைக் கழற்றினேன். பேட்டரியை மாற்ற மட்டும்தான் திறந்தேன், ஆனால் உள்ளே பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. முன்பக்க டிஸ்க் தட்டுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் பஞ்சு. ஃபேன்களுக்குப் பின்னால் இருக்கும், பிராசஸரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் ஹீட் சிங்க் தகடுகளின் மேல் ஒரு போர்வையே போர்த்தியிருந்தது, நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி மாதிரி உரிந்து வருகிறது. நிட்டிங்கிலிருந்து பறக்கும் பஞ்சு சாதாரணத் தூசி மாதிரி உட்காராது, இழை இழையாகப் பின்னிக்கொண்டு ஒட்டும். அதோடு ஆடிக் காற்று வேறு. சர்வரின் ஃபேன்கள் வெப்பம் ஏற ஏற வேகமாகச் சுற்றும், வேகமாகச் சுற்றச் சுற்ற அதிகப் பஞ்சை இழுக்கும், பஞ்சு அடைக்க அடைக்க வெப்பம் இன்னும் ஏறும். கொஞ்ச நாளாக அந்த அறையிலிருந்து விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் வந்ததற்கு இதுதான் காரணம். ஏசி பக்கத்தில் இருப்பதால் அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் பழகிவிட்டோம், நானும்தான்.

கீழே கம்ப்ரசர் லைன் இருக்கிறது, ஒரு ஹோஸைப் பிடித்து ஊதினால் இரண்டு நிமிட வேலை என்று உதவிக்கு வந்த தம்பி சொன்னான். கூடாது. கம்ப்ரசர் காற்றில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்துதான் வரும், போர்டு மேல் அது பட்டால் பஞ்சைவிட மோசம். வீட்டு வாக்குவம் கிளீனரும் கூடாது, அதன் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்னேற்றம் சேரும். கையில் பிடிக்கும் எலக்ட்ரிக் ப்ளோயர், மெல்லிய பெயிண்ட் பிரஷ், ஒரு பிளாஸ்டிக் கவ்வி, இவ்வளவுதான். பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தூக்குவதற்கு முன் டிஸ்க்குகளை எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று எண் ஒட்டி, தனியே வைத்துவிட்டோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் போகும். பவர் சப்ளை இரண்டையும் கழற்றி வெளியிலிருந்தே ஊதினேன். அதைத் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் கரண்ட் எடுத்த பிறகும் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் நிற்கும்.

சுத்தம் செய்வதற்கு முன் வேலை நேரத்தில் பிராசஸர் வெப்பம் 84 டிகிரி, சுத்தம் செய்த பின் 63. முன்பக்கம் உள்ளே போகும் காற்று 31 டிகிரி. ஏசி, குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே சர்வர் அறைகளுக்குப் பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி. ஏசி 22ல் வைத்திருக்கிறோமே, எப்படி 31 என்று பார்த்தால் ரேக்கின் காலி இடங்களில் பிளேட் எதுவும் போடவில்லை, சர்வரின் பின்னாலிருந்து வரும் சூடான காற்று அந்த ஓட்டைகள் வழியாக முன்பக்கமே சுற்றி வருகிறது. வெறும் தகர பிளேட் நான்கு வாங்கி மூடியதும் 26க்கு வந்துவிட்டது. அந்த மூன்று வாரத்தில் செய்ததிலேயே மிக மலிவான வேலை அதுதான். சர்வருக்குள்ளே காலியாக இருக்கும் டிஸ்க் இடங்களுக்கும் இதே கதைதான், டம்மி தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பேட்டரி மாற்றி, மூடி, ரேக்கில் ஏற்றி, ஓடவிட்டேன். திங்கட்கிழமை பில் சட்டென்று சேவ் ஆனது. அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் பேட்டரி செத்தது ஏன் எனக்குத் தெரியாமல் போனது என்று ஒரு உறுத்தல். சர்வருக்குள் பிஎம்சி என்று தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. முக்கிய சர்வர் அணைந்திருந்தாலும் கரண்ட் இருக்கும் வரை அது விழித்திருக்கும்; வெப்பம், ஃபேன், மின்னழுத்தம், ரேம் பிழை எல்லாவற்றையும் எழுதி வைக்கும். டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐலோ என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். எங்கள் சர்வரில் அதற்கான நெட்வொர்க் போர்ட்டில் கேபிளே சொருகவில்லை. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் பார்த்ததில்லை. ஒரு கேபிள் போட்டு, கடவுச்சொல்லை மாற்றி, உள்ளே போய் நிகழ்வுப் பதிவைத் திறந்தால், பேட்டரி செத்துப் பதினொரு நாள் ஆகியிருக்கிறது. அதற்கு மேலும் கீழும் நூற்றுக்கணக்கில் வேறொரு வரி: பி3 ஸ்லாட், திருத்தப்பட்ட மெமரிப் பிழை.

சர்வர் ரேம் இசிசி வகை. 64 பிட் தரவுக்கு 8 பிட் சோதனைத் தகவல் கூடவே போகும். ஒரு பிட் புரண்டால் அதைத் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு பிட் புரண்டால் திருத்த முடியாது, ஆனால் கண்டுபிடித்து நிறுத்திவிடும். திருத்திக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஓடுகிறதே, விட்டுவிடலாமே என்று தோன்றும். 2009ல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் கூகுளின் சர்வர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் இந்த மாதிரிப் பிழை வந்திருந்தது. திருத்தக்கூடிய பிழை வந்த பலகையில் அப்புறம் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதையும் அதில் காட்டினார்கள். திருத்த முடியாத பிழை என்றால் சர்வர் அந்த நொடியே நிற்கும். சனிக்கிழமை மத்தியானம் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன், அடுத்த சனியை அதற்கே ஒதுக்கினேன்.

ரேம் பிழை என்றதும் ரேமை வாங்க ஓடக் கூடாது. பி3ல் இருந்த பலகையை எடுத்து ஏ3ல் போட்டேன், ஏ3ல் இருந்ததை பி3ல் போட்டேன். பிழை பலகையோடு போனால் பலகை கெட்டது, ஸ்லாட்டிலேயே நின்றால் கோளாறு வேறெங்கோ. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஓடவிட்டு, கூடவே பிஎம்சி பதிவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இசிசி திருத்திவிட்டால் சோதனைத் திரையில் ஒன்றும் தெரியாமல் போகலாம், பதிவில்தான் தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் மறுபடியும் பி3. ஆக, பலகை நல்லது. மிச்சம் இருப்பது ஸ்லாட், இல்லாவிட்டால் பி ஸ்லாட்டுகள் சேர்ந்திருக்கும் இரண்டாவது பிராசஸர், இல்லாவிட்டால் அது உட்கார்ந்திருக்கும் சாக்கெட். மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால் ரேம் பிழைக்குப் பிராசஸரின் இணைப்பும் காரணமாகலாம். இதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் நல்ல ரேமைத் தூக்கிப் போடுகிறார்கள்.

இரண்டாவது பிராசஸரின் ஹீட் சிங்க்கைக் கழற்றினேன். முன்பு யாரோ தெர்மல் பேஸ்ட்டை அள்ளி அப்பியிருந்தார்கள். ஓரத்தில் வழிந்து, காய்ந்து, அதில் பஞ்சு ஒட்டி, பிராசஸரின் அடிப்பக்கத் தொடுபுள்ளிகள் சிலவற்றின் மேல் மெல்லிய படலமாக இறங்கியிருந்தது. போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, கண்ணாடி லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்தச் சாக்கெட்டில் 2,011 ஊசிகள், எல்லாம் மதர்போர்டு பக்கம். ஒன்றை வளைத்தாலும் போர்டே போய்விடும், அதனால் சாக்கெட்டைத் துணியோ பிரஷ்ஷோ கொண்டு தொடவே கூடாது, தூரத்திலிருந்து லேசாக ஊதினேன். பிராசஸரின் அடிப்பக்கத்தை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். துடைக்க என்ன எடுப்பது? கம்பெனியில் எங்கே திரும்பினாலும் பனியன் வேஸ்ட் துணிதான், ஆனால் அது இழை விடும். கேமரா லென்ஸ் துடைக்கும் துணி ஒன்றைத் தனியாக வாங்கியிருந்தேன். திரும்ப மாட்டும்போது பட்டாணி அளவு பேஸ்ட், அதற்கு மேல் வேண்டாம். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களை அதன் மேலேயே அச்சடித்திருக்கும் எண் வரிசைப்படி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் முதலில் இறுக்கினால் பிராசஸர் சாய்ந்து உட்கார்ந்து, இன்னொரு ஓரத்தில் தொடர்பு விட்டுப்போகும்.

விடிய விடிய மெம்டெஸ்ட். காலை ஆறு மணிக்குப் பதிவில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில் தம்பியும் நானும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் டீயும் பன்னும் சாப்பிட்டு வந்தோம்.

ஸ்பேர் ரேம் ஒன்று கையில் இருக்கட்டும் என்று வாங்கினேன், அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்4 என்று இருந்தால் இரண்டு ரேங்க் (ரேங்க் என்பது ஒன்றாக வேலை செய்யும் சிப்களின் தொகுதி), 4 பிட் சிப்கள். 4 பிட் சிப் என்றால், ஒரு சிப் முழுவதும் செத்தாலும் தாக்குப்பிடிக்கும் திருத்த முறை இந்த வகை ஜியான்களில் வேலை செய்யும். ரேம் பலகையில் ஆர்டிம், எல்ஆர்டிம், யுடிம் என்று வகைகள் உண்டு. ஏற்கெனவே இருப்பது ஆர்டிம் என்றால் ஆர்டிம்தான் வாங்க வேண்டும், எல்ஆர்டிம்மையும் யுடிம்மையும் அதோடு கலக்க முடியாது. இந்தப் பிராசஸருக்கு நான்கு மெமரி சேனல், அதாவது ரேமுக்குப் போகும் பாதைகள் நான்கு. ஆளுக்கு நான்கு பலகை என்று சமமாகப் போட்டால்தான் முழு வேகம். பெரிய பலகை ஒன்று போட்டு மீதி ஸ்லாட்டைக் காலியாக விட்டால் கொள்ளளவு இருக்கும், வேகம் இருக்காது.

மூன்றாவது சனி, டிஸ்க். பதிவைப் படிக்கப் பழகிய பிறகு அதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: முதல் டிஸ்க் சீக்கிரம் செத்துவிடும் என்ற முன்னெச்சரிக்கை. முன்பக்கம் ஆரஞ்சு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது, பஞ்சு மூடியதால் தெரியவில்லை. கடைக்காரர், "ஓடும்போதே இழுங்கண்ணே, புதுசைச் சொருகுங்க, தானா ரீபில்ட் ஆயிரும்" என்றார். ஹாட் ஸ்வாப் என்பது உண்மைதான், ஆனால் இழுப்பதற்கு முன் மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றனவா என்று யார் பார்ப்பது? ரெய்டு 5ல் ஒன்றை இழுத்த நொடியில் பாதுகாப்பு பூஜ்யம். ரீபில்ட் என்பது மீதி மூன்று டிஸ்க்கையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பது, இங்கே 12 டிபி. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் எழுதும் அளவு, 12.5 டிபி படித்தால் படிக்க முடியாத இடம் ஒன்று வரலாம் என்பது. என்டர்பிரைஸ் டிஸ்க்குகளுக்கு அது 125 டிபி. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்ளும், ஆனால் 12க்கும் 12.5க்கும் நடுவில் கம்பெனியின் ஏழு வருடக் கணக்கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் பெட்டியில் இருந்த நான்கில் இரண்டு டெஸ்க்டாப் டிஸ்க்.

அதனால் வரிசையை மாற்றினேன். முதலில் முழு பேக்கப், அதிலிருந்து நான்கு ஃபைலையும் ஒரு டேட்டாபேஸையும் வேறு கம்ப்யூட்டரில் திரும்ப எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்புறம் ரெய்டு கார்டில் பேட்ரோல் ரீடை ஓடவிட்டேன். டிஸ்க்குகளைப் பின்னணியில் முழுவதும் படித்துப் பார்த்து, கெட்ட இடத்தைக் கண்டால் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுச் சரிசெய்யும் வேலை அது. யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். ஓடி முடித்தபோது மூன்றாவது டிஸ்க்கில் ஏழு கெட்ட இடங்கள். நான்கு டிஸ்க்கும் உள்ளே இருந்ததால் ஏழையும் சரிசெய்ய முடிந்தது. கடைக்காரர் சொன்னபடி முதல் டிஸ்க்கை இழுத்திருந்தால் அந்த ஏழு இடமும் திரும்பக் கிடைக்காத இடங்களாகியிருக்கும். இதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

டெஸ்க்டாப் டிஸ்க்கை ரெய்டில் போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் இடம் படிக்க வராவிட்டால் டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் நீண்ட நேரம் முயன்றுகொண்டே இருக்கும், அதுவரை பதிலே வராது. ரெய்டு கார்டு சில வினாடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க் செத்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும். ரெய்டுக்கென்று செய்த டிஸ்க்குகள் சுமார் ஏழு வினாடியில் "என்னால் முடியவில்லை" என்று சொல்லிவிடும், மீதியைக் கார்டு பார்த்துக்கொள்ளும். முதல் டிஸ்க்கையும் அந்த இரண்டு டெஸ்க்டாப் டிஸ்க்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு ரீபில்டும் முடிந்த பிறகே அடுத்தது என்று, மாற்றினேன். மூன்றையும் ஒரே பெட்டியிலிருந்து வாங்கவில்லை, இரண்டு கடைகளில் தயாரிப்புத் தேதி பார்த்துப் பிரித்து வாங்கினேன். ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை ஒன்றாகவே போகலாம் என்பது வெறும் பயமில்லை. 2019 நவம்பரில் எச்பிஇ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், தரவையும் மீட்க முடியாது, அதற்கு முன் டிஸ்க்குக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் தப்பிக்கலாம் என்று. 32,768 என்பது இரண்டின் 15ஆம் அடுக்கு. கணக்குப் போட்டால் 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் மாட்டிய நான்கும் ஒரே மணியில் போனால் எந்த ரெய்டும் உதவாது. டிஸ்க்கின் ஃபர்ம்வேர் எண்ணையும் ஓடிய மணி நேரத்தையும் நோட்டில் எழுதத் தொடங்கியது இதைப் படித்த பிறகுதான்.

அன்றைக்கே பவர் சப்ளையையும் சோதித்தேன். இரண்டு இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதல் சப்ளையின் கேபிளை உருவினேன். ஓடியது. ஆறாவது நிமிடம் சர்வர் அப்படியே அணைந்தது. இரண்டாவதில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் அதன் உள் ஃபேன் சுற்றவில்லை, முழுச் சுமை வந்ததும் சூடாகி நின்றுவிட்டது. சுமை என்ன, வெறும் 190 வாட்தான். அது 750 வாட் சப்ளை. போதாக்குறைக்கு இரண்டு கேபிளும் ஒரே யுபிஎஸ்ஸில். யுபிஎஸ் போனால் இரண்டும் சேர்ந்து போகும் என்கிறபோது இரண்டு எதற்கு? இப்போது ஒன்று பெரிய யுபிஎஸ்ஸில், இன்னொன்று தனியாக ஒரு சின்ன யுபிஎஸ்ஸில். யுபிஎஸ் பேட்டரிகளும் அந்த 31 டிகிரி அறையில்தான் வெந்துகொண்டிருந்தன. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரிக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு முதலாளியே கூப்பிட்டு, "புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டறலாங்களா" என்று கேட்டார். சரி என்றேன். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் 22 கோர் பிராசஸர் இரண்டு போட்ட ரீஃபர்பிஷ்டு பெட்டி இருந்தது. எங்களுக்கு 44 கோர் எதற்கு? பில் மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கோரைத்தான் பயன்படுத்துகிறது, அதற்குக் கோரின் வேகம்தான் முக்கியம். விண்டோஸ் சர்வர் லைசென்ஸும் கோர் கணக்கு, குறைந்தது 16க்கு வாங்கியே ஆக வேண்டும், அதற்கு மேல் ஏற ஏறக் காசு. நான் கேட்டது ஒற்றைப் பிராசஸர், ஜியான் இ-2400 வரிசை, 8 கோர். 2023 டிசம்பரில் வந்தது, ரேம் 128 ஜிபி வரை போதும் என்பவர்களுக்குச் சரி. இதற்கு டிடிஆர்5 தலைமுறை இசிசி யுடிம் ரேம்தான் வேண்டும். டிடிஆர்5 என்றாலே உள்ளே இசிசி இருக்கிறது என்று சொல்லிச் சாதாரண ரேமைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். சிப்புக்குள் நடக்கும் அந்தத் திருத்தம் வேறு, பிராசஸர் வரை வந்து பதிவில் எழுதும் இசிசி வேறு. பி3 வரியை எனக்குக் காட்டிக்கொடுத்தது இரண்டாவது வகைதான்.

டிஸ்க் விஷயத்தில் டேட்டாபேஸுக்கு எஸ்எஸ்டி இரண்டு மிரரில் (ஒன்றில் எழுதுவதையே இன்னொன்றிலும் எழுதும் முறை), ஃபைல்களுக்கு 8 டிபி என்டர்பிரைஸ் டிஸ்க் இரண்டு மிரரில். எஸ்எஸ்டியில் நான் விட்டுக்கொடுக்காதது, கரண்ட் போகும்போது உள்ளே இருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர்கள். அவை இல்லாத வீட்டு எஸ்எஸ்டி, டேட்டாபேஸ் "இதை இப்போதே உறுதியாக எழுது" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் திணறும். விட்டுக்கொடுத்தது எழுத்துத் தாங்கும் அளவை. நாளைக்கு மூன்று முறை முழு டிஸ்க்கையும் எழுதலாம் என்ற விலை கூடிய வகையைக் காட்டினார்கள். பழைய சர்வரில் ஒரு வாரம் அளந்து பார்த்தேன், நாளைக்கு 60 ஜிபிகூட எழுதவில்லை. 960 ஜிபி டிஸ்க்கில் நாளைக்கு ஒருமுறை வகையே பதினாறு மடங்கு. மிச்சமான பணத்தில் ஒரு ஸ்பேர் பவர் சப்ளை, இரண்டு ஸ்பேர் ஃபேன், டிஸ்க் ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக வாங்கிப் பீரோவில் வைத்தாயிற்று. வாங்குவதற்கு முன் கடையில் நான் கேட்ட ஒரே கேள்வி, இந்த மாடலின் ஃபேனும் பவர் சப்ளையும் கோவையிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ நான்கு வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதுதான். நிறையப் புழங்கும் மாடலாகப் பார்த்து எடுத்ததற்கு அதுவே காரணம்.

அறைக்கதவின் இடுக்குகளில் ஃபோம் டேப் ஒட்டி, கதவு தானாக மூடும்படி செய்தோம். ரேக்கின் முன்கதவில் ஒரு வலை ஃபில்டர் போட்டேன், ஆனால் அதைக் கழுவாமல் விட்டால் பஞ்சு ஹீட் சிங்க்குக்குப் பதில் வலையில் அடைக்கும், காற்று நிற்பது ஒன்றுதான். தம்பி ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதையும் ஏசி ஃபில்டரையும் கழுவுகிறான், கழுவிய தேதியை ரேக் கதவில் கட்டித் தொங்கவிட்ட நோட்டில் எழுதுகிறான். பிஎம்சியிலிருந்து என் போனுக்கு மெயில் வருகிறது. பழைய பெட்டி கழிந்துவிடவில்லை, இரண்டாவது பவர் சப்ளையை மாற்றி, கட்டிடத்தின் மறுகோடியில் பேக்கேஜிங் அறைக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் இரவு பேக்கப் வாங்குகிறது. நேற்று போய்ப் பார்த்தேன். முன்பக்கக் காற்று 27 டிகிரி, ரெய்டு பேட்டரி நலம், பி3ல் ஒன்பதாவது வாரமாக ஒரு வரி இல்லை. வலையில் மட்டும் ஒரு கைப்பிடி பஞ்சு இருந்தது, உதறிவிட்டு வந்தேன்.